சில்லறை கொட்டும் சத்தம்

இன்ஜினுக்குள் சில்லறை கொட்டும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேட்டதில்லை என்றால் புண்ணியம் செய்தவர்கள். கேட்டவர்கள் எல்லாம் ஒரு வண்டியையாவது வாரிக்கொடுத்தவர்கள். தகர டப்பாவில் நாலைந்து காசைப் போட்டு யாரோ அடுத்த அறையில் குலுக்குகிற மாதிரி, மெல்லிசாக, கிணுகிணுவென்று வரும். பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்பே வெடித்து, மேலே ஏறி வந்துகொண்டிருக்கும் பிஸ்டனின் மண்டையில் அடிக்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். பொறியின் வீட்டில் மட்டும் அதற்குப் பெயர் சில்லறை.

பொறி என்பது பட்டப்பெயர். அண்ணன் வைத்தது. வெல்டிங் பழகிய முதல் வாரத்திலேயே தெறித்த பொறியில் இரண்டு ஜோடி செருப்பையும் ஒரு நாற்காலி மெத்தையையும் சல்லடையாக்கியவள் அவள். அண்ணனுக்கு ஊர் வைத்த பெயர் இடி. அவன் கடையில் வேலை பார்த்த வண்டி நாலு தெரு தள்ளி வரும்போதே கேட்கும்; அதனால் இடி.

கடை, சைலன்சர் கடை. கம்பெனி போட்டுத்தந்த சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டுக்கொள்ள வருகிறவர்களுக்கானது. வருகிறவன் எல்லாம் 'பவர் வேணும்' என்பான். அவனுக்கு உண்மையில் வேண்டியது சத்தம். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருப்பான், பாவம். புகை சுலபமாக வெளியே போனால் இன்ஜின் சுலபமாக மூச்சு விடும், அதுவரைக்கும் சரி. ஆனால் குழாயை அளவுக்கு மீறி அகலமாக்கினால் புகையின் வேகம் செத்துப்போகும், மேட்டில் வண்டி இழுக்காது, சத்தம் மட்டும் ஊரைக் கூட்டும். அதிகக் காற்று உள்ளே போகிறது என்று இன்ஜினின் கம்ப்யூட்டருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். பெட்ரோலின் அளவையும் தீப்பொறி விழுகிற நேரத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். தீப்பொறியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் பவர் ஏறும். கொஞ்சம் அதிகமாகத் தள்ளினால் சில்லறை கொட்டும். இந்தக் 'கொஞ்ச'த்துக்கும் 'அதிக'த்துக்கும் நடுவில்தான் இந்தத் தொழிலே நிற்கிறது.

குழாயை வளைத்து வெல்டு வைப்பது பொறி. கம்ப்யூட்டரைத் திருத்துவது அண்ணன். காரை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டிப்போட்டு ஓடவிட்டு, எவ்வளவு பவர் என்று திரையில் பார்க்கிற டைனோ ஒன்று கடையின் பின்கட்டில் இருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கின் பின்னால், மடியில் லேப்டாப். பொறி வண்டிக்கு முன்னால், திறந்த பானெட்டின் பக்கத்தில். அவன் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே போவான். அவள் வலது கையைத் தூக்கினால் அந்த நொடியே காலை எடுப்பான், தீப்பொறியை இரண்டு புள்ளி பின்னால் இழுப்பான். வாடிக்கையாளர் யாராவது ஏன் என்று கேட்டால், "அது எங்க கடை ராசிங்க, தங்கச்சி கை தூக்கினா நிப்பாட்டிடணும்" என்று சிரிப்பான். கேட்டவர்களும் சிரிப்பார்கள்.

ராசியாவது மண்ணாவது. அவனுக்குக் காது கேட்காது.

மொத்தமாகக் கேட்காது என்றில்லை. முகம் பார்த்துப் பேசினால் பேச்சு பிடிபடும், இடி கேட்கும். மெல்லிய, கூரான சத்தங்கள்தான் இருபது வருஷ சைலன்சர் முழக்கத்தில் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிப்பது தெரியாமல் ஏழெட்டுக் கிலோமீட்டர் போட்டபடியே ஓட்டுவான். அண்ணி அறைக்குள்ளிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அண்ணி அதைத் திமிர் என்று நினைத்து மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பொறிக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒருமுறை, "காது டாக்டரைப் பாருண்ணா" என்று சொன்னாள். "கேக்குதுடி, கேக்காம என்ன" என்றான். அதற்குப்பிறகு அவள் சொல்லவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி ஏழு வருஷம் அவனுக்குக் காதாக நின்றாள். இன்ஜினிலேயே இந்தச் சில்லறையைக் கேட்பதற்கென்று ஒரு சின்ன சென்சார் இருக்கும். 'அது சும்மா சும்மா பயந்து பவரைக் குறைக்குது' என்று அதன் ஒயரைப் பிடுங்கிவிடுவது அண்ணனின் பழக்கம். தன் காதுதான் போயிற்று என்றால் இன்ஜினின் காதையும் அறுத்துவிடுகிற ஆள்.

வினை பல் டாக்டரின் வண்டியில் வந்தது.

பல் டாக்டர் நல்ல மனுஷர். வயது நாற்பதுக்கு மேல் ஆனபிறகு திடீரென்று சத்தமான வண்டி மேல் ஆசை வந்துவிட்டது, அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. பொறி அவர் வண்டிக்கு, இன்ஜினிலிருந்து புகை வருகிற நாலு குழாயும் ஒன்றாய்ச் சேர்கிற ஹெடரை நான்கு நாள் உட்கார்ந்து செய்தாள். டைனோவில் ஏற்ற வேண்டிய நேரத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். நாலாம் நாள் கடைக்கு வருகிறாள், தெருமுனையில் டாக்டர் வண்டி அவளைத் தாண்டிப் போகிறது. பின்னால் நல்ல உறுமல். முன்னால் கிணுகிணு.

கடைக்குள் ஓடினாள். "டாக்டர் வண்டி சில்லறை கொட்டுதுண்ணா. போன் போட்டுத் திருப்பிக் கூப்பிடு."

"நேத்து முழுக்க நான்தான ஓட்டிப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்கு எப்படிண்ணா கேக்கும்?"

அந்தக் கேள்வியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. முகம் சிவந்துபோய், "எனக்கு ஒண்ணும் கேக்கல. உன் காதுலதான் ஏதோ கோளாறு. போய் வேலையப் பாரு" என்றான். அவள் போய் வேலையைப் பார்த்தாள். டாக்டருக்கு அவளே போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அண்ணன் மானம் போகுமே என்று நினைத்தாள். அந்த நினைப்புக்குத்தான் பிறகு தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

பன்னிரண்டு நாளில் வண்டி லாரி மேல் ஏறித் திரும்பி வந்தது. இரண்டாவது பிஸ்டனில் விரல் நுழைகிற ஓட்டை.

டாக்டர் மறுநாள் வந்தபோது மேஜை மேல் அவளுடைய ஹெடர் கிடந்தது. அண்ணன் சோப்புத் தண்ணீரைத் தடவி, குழாய்க்குள் காற்றடித்துக் காட்டினான். வெல்டு ஓரத்தில் ஓரிடத்தில் குமிழ் வந்தது. "பாத்தீங்களா டாக்டர், இங்கதான் ஓட்டை. இது வழியா காத்து பூந்து, புகைய மோந்து பாக்குற சென்சாரை ஏமாத்திடுச்சு, பெட்ரோல் பத்தாம இன்ஜின் காஞ்சு போச்சு. தங்கச்சி வேலைதான். என்ன பண்றது, பொம்பளப் புள்ள, அம்மாவுக்கு ஆபரேஷன்னதும் மனசு வேலையில நிக்கல. நானே புது இன்ஜின் போட்டுத் தரேன்."

பொறி குனிந்து பார்த்தாள். வெல்டில் விழுகிற ஓட்டை கோணல்மாணலாக, ஓரம் கறுத்து இருக்கும். இது வட்டமாக இருந்தது. உள்பக்கம் விரலை விட்டுத் தடவினாள். இரும்பு சுருண்டு, பிசிராக நின்றது. இரண்டு மில்லி டிரில் பிட். அவன் ராத்திரியோ காலையோ உட்கார்ந்து அவளுடைய வெல்டில் ஓட்டை போட்டிருக்கிறான்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. அவன் சொன்ன பொய்யே தலைகீழ்ப் பொய். அந்த இடத்தில் ஓட்டை இருந்தால் சென்சார் ஏமாந்து, 'பெட்ரோல் போதவில்லை' என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும்; கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும்; ஸ்பார்க் பிளக் கரி பிடித்துக் கறுத்துப்போகும். டாக்டர் வண்டியின் பிளக் நாலும் சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தன. பல் டாக்டருக்கு என்ன தெரியும் பாவம், பல்லைக் காட்டினால் சொல்லுவார். அண்ணன் அவர் காதில் அழகாகப் பூச்சுற்றி அனுப்பினான்.

அவர் போனதும் கேட்டாள். "டிரில் போட்டிருக்கியேண்ணா."

"மெதுவாப் பேசு."

"என் வெல்டு அது."

"இங்க பாரு, போர்டுல இருக்கிறது கடைப் பேரு. எனக்குக் காது கேக்காதுன்னு வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வண்டிய விடமாட்டான். உன் பேரு போனா ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துடும்." இதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு கெஞ்சல்கூட இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

எவனும் மறக்கவில்லை. வேறு மூன்று சைலன்சர் கடைகளில் வேலை கேட்டாள். முதல் கடைக்காரர், "அந்த டாக்டர் இன்ஜின் கேஸ் நீதானேம்மா" என்றார். இரண்டாவது ஆள் டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பினார். மூன்றாவது இடத்தில் உள்ளேயே விடவில்லை. கடைசியில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறையில் போய்ச் சேர்ந்தாள். நூல் பிடித்த மாதிரி வெல்டு வைக்கிற கை, சதுரக் கம்பியைச் சதுரக் கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா கண்ணில் புதுக் கண்ணாடியோடு, "கூடப்பொறந்தவன்தானே, விட்டுத் தொலையேன்" என்றாள். ஆபரேஷன் பண்ணிய கண்ணுக்கும் மகன் தப்பு மட்டும் தெரியவில்லை.

பொறிக்குக் கோபம் ஆறவில்லை. அவள் ஆறவிடவும் இல்லை. எட்டு மாசம் அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'வெல்டு உடையல, தப்பு என்னுது' என்று அவன் வாயால், நாலு பேர் முன்னால் வர வேண்டும். அது வந்தால் மறுபடி குழாயைத் தொடலாம். வராவிட்டால் சாகும்வரை கேட்டுக்கும் கிரில்லுக்கும் பற்ற வைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஒருநாள் மத்தியானம் அவனே பட்டறைக்கு வந்தான். சிவப்பு வண்டியில் வந்தான். அந்த வண்டி அண்ணனும் தங்கையும் இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து கட்டியது. அதன் ஹெடர்தான் அவள் தன் வேலையிலேயே தனக்கு ரொம்பப் பிடித்தது என்று சொல்லுவாள். வண்டி வந்து நின்ற சத்தத்தில் பட்டறையின் தகரக் கூரை அதிர்ந்தது.

"எப்படி?" என்றான், சாவியைத் திருகி அணைத்துவிட்டு. "நானே டிசைன் பண்ணது. ஹெடருக்குப் பின்னாடி எல்லாம் புதுசு. முழு செட்டா, கிட்டுன்னு போட்டு விக்கப்போறேன்."

அவள் குனிந்து பின்குழாயைப் பார்த்தாள். உள்ளே கை போகும் போலிருந்தது. "எத்தன இஞ்ச்?"

"மூணரை."

"இந்த இன்ஜினுக்கு ரெண்டேகாலே ஜாஸ்தி. மேட்டுல இழுக்குதா?"

"சத்தம் கேட்டல்ல?"

"இழுக்குதான்னு கேட்டேன்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இத்தனை நாள் புரியாமல் போனதே ஆச்சரியம். வருஷத்துக்கு வருஷம் அவன் சைலன்சர் சத்தம் ஏறிக்கொண்டே வந்ததற்குக் காரணம் ஸ்டைல் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவனுக்குக் கேட்க வேண்டுமே.

விஷயத்துக்கு வந்தான். அடுத்த சனிக்கிழமை பழைய கிடங்கு மைதானத்தில் ஒரு கூட்டம். மொபைல் டைனோ வருகிறது, வண்டிக்காரர்கள் இருநூறு பேர் வருவார்கள். எல்லார் முன்னாலும் கிட்டை ஓட்டிக் காட்டுகிறான். இழுவை குறைந்ததைச் சரிக்கட்ட தீப்பொறியை முன்னால் தள்ள வேண்டியிருக்கும், அங்கேயே, திரையைப் பார்த்துப் பார்த்து. "நீ ஒரு நாள் வந்து முன்னாடி நில்லு. வேற யாரையும் நான் நிறுத்த முடியாது. உனக்கே தெரியும்."

"சென்சார் ஒயரை மாட்டிக்க. நான் எதுக்கு?"

"இந்தச் சத்தத்துக்கு அது சும்மா உளறிக்கிட்டே இருக்கு."

பொறி கையுறையைக் கழற்றினாள். எட்டு மாசமாக இந்த நிமிஷத்தை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றிலும் அவள் கத்துவாள். இப்போது கத்த வரவில்லை. "மைக்ல சொல்லணும்," என்றாள். "வண்டிய ஓட்டுறதுக்கு முன்னாடி. வெல்டு உடையல, தப்பு என்னுதுன்னு. காதப் பத்திச் சொல்ல வேணாம். கம்ப்யூட்டர்ல தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லு, போதும். பல் டாக்டரும் இருக்கணும்."

"அவருதான் முதல் ஆளா வராரு. ஓட்டி முடிச்சிட்டுச் சொல்றேனே."

"முன்னாடி. சொன்னா கை தூக்குவேன். சொல்லலன்னா தூக்கமாட்டேன்."

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னது முழுவதும் அவனுக்கு விளங்கியது. "சரி, சொல்றேன்டி. சத்தியமா சொல்றேன்" என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் போனான். அவன் அப்படித் தடவியதில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளும் மனுஷிதானே.

சனிக்கிழமை சுள்ளென்ற வெயில். சிமெண்டுத் தரை, வரிசையாக வண்டிகள், ஒவ்வொன்றின் பின்னாலும் நாலு பேர் குத்துக்காலிட்டுக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டைனோ ஒரு பெரிய டிரெய்லர் மேல் இருந்தது. டைனோக்காரர் தடித்த பட்டைகளால் சிவப்பு வண்டியை இழுத்துக் கட்டினார். பக்கத்தில் பெரிய திரை. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, காலரில் குண்டூசி அளவு மைக் ஒன்றைக் குத்திக்கொண்டு, இடுப்பில் அதன் பெட்டியைச் செருகியிருந்தான். பல் டாக்டர் முன்வரிசையில் தொப்பியோடு நின்றார். பொறியைப் பார்த்ததும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பொறி தன் இடத்தில் போய் நின்றாள், திறந்த பானெட்டின் பக்கத்தில்.

அண்ணன் பேசினான். நன்றாகப் பேசுவான், அதில் குறை சொல்ல முடியாது. கிட்டைப் பற்றிப் பேசினான், சத்தத்தைப் பற்றிப் பேசினான், கூட்டம் விசிலடித்தது. பிறகு அவள் பக்கம் கையை நீட்டினான்.

"இவ என் தங்கச்சி. போன வருஷம் இவ வெல்டால ஒரு வண்டி போச்சு. அது உங்க எல்லாருக்கும் தெரியும். நிறைய பேரு இனிமே இவளச் சேக்காதன்னாங்க. ஆனா கூடப்பொறந்த பாசம் விடுமா? நான் அவள மன்னிச்சிட்டேன். இன்னிக்கு என் பக்கத்துல நிக்க வெச்சிருக்கேன். நீங்களும் மன்னிச்சிடுங்க."

கூட்டம் கை தட்டியது. டாக்டரும் தட்டினார். அண்ணன் அவளைப் பார்த்து ஒருமாதிரி சிரித்தான், 'இதுக்கு மேல என்னால முடியல' என்பது போல.

மன்னித்துவிட்டானாம். டிரில் போட்டவன், ஓட்டையை மன்னித்துவிட்டானாம். எட்டு மாசம் சேர்த்து வைத்த கோபம் ஒருபக்கம், இந்த ஒரு சொல் ஒருபக்கம் என்று வைத்தால் இந்தச் சொல்தான் கனமாக இருந்தது. பொறிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டாள்.

முதல் ஓட்டம். பின்னால் முழக்கம் கிளம்பி மைதானம் அதிர்ந்தது. குழாய்ப் பக்கம் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். திரையில் கோடு ஏறியது. பாதிவரை அது சோம்பேறித்தனமாகத் தவழ்ந்து, கடைசியில்தான் நிமிர்ந்தது. பழைய சைலன்சரோடு எடுத்த கோடு அதே திரையில் மங்கலாக இருந்தது. பாதி தூரம் அதுதான் மேலே இருந்தது. கூட்டத்தில் ஒருவர், "என்னப்பா, சத்தம்தான் பெருசா இருக்கு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்த ஓட்டத்தின் கடைசியில் சில்லறை லேசாகக் கேட்டது. ஒரே ஒரு குலுக்கு. அண்ணன் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். கை பாக்கெட்டில் இருந்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கை தூக்கவில்லை, அப்படியென்றால் இன்னும் இடம் இருக்கிறது. லேப்டாப்பில் தீப்பொறியை மூன்று புள்ளி முன்னால் தள்ளினான்.

இப்போதும் நிறுத்தலாம் என்று அவளுக்குத் தெரியும். அந்த இன்ஜினை அவளும்தான் கட்டினாள். ஒவ்வொரு போல்ட்டும் எந்த ஞாயிற்றுக்கிழமை முடுக்கியது என்றுகூடச் சொல்லுவாள். கை பாக்கெட்டுக்குள் ஒருமுறை அசைந்தது. அவள் அதை முஷ்டியாக மடக்கிக்கொண்டாள். மன்னிச்சிட்டேன் என்றான் அல்லவா, ஓட்டட்டும்.

இரண்டாம் ஓட்டம். கோடு நடுவில் கொஞ்சம் மேலே வந்தது. பின்பக்கம் விசில் பறந்தது. முன்பக்கம் நின்றவர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கிணுகிணு இப்போது நன்றாகவே கேட்டது. பல் டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து நின்றார். நாள் முழுக்கக் கூரான சத்தத்தோடு வேலை பார்க்கிற மனுஷர், அவர் காதைக் குறை சொல்ல முடியாது.

"இந்தச் சத்தம்..." என்றார் பொறியிடம். "என் வண்டியிலயும் இதே மாதிரி வந்துச்சும்மா. பன்னெண்டு நாளும் வந்துச்சு. நான் புது சைலன்சர் சத்தம்னு நினைச்சேன்."

"அப்படியா டாக்டர்," என்றாள் பொறி.

டைனோக்காரர் டிரைவர் பக்க ஜன்னலுக்குப் போய் ஏதோ சொன்னார். அண்ணன், "கேளுங்க, எவ்வளவு சுத்தமா ஓடுதுன்னு கேளுங்க" என்று சிரித்தான். அது ஸ்பீக்கரில் மைதானம் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அவன் மறுபடி அவளைப் பார்த்தான். மறுபடி பாக்கெட். இன்னும் இரண்டு புள்ளி தள்ளினான்.

மூன்றாம் ஓட்டம் முழுதாக ஓடவில்லை. சில்லறை டப்பா சாக்குமூட்டை ஆயிற்று. இன்ஜினுக்குள் யாரோ ஆணிகளை அள்ளிப் போட்டு அரைக்கிற மாதிரி இருந்தது. டாக்டர் இரண்டு அடி பின்னால் போனார். டைனோக்காரர் இரண்டு கையையும் ஆட்டினார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தது தங்கையின் வலது கையை. அது வரும் வரும் என்று பார்த்தபடியே கடைசிவரை மிதித்தான். டப்பென்று ஒரு சத்தம். பானெட்டுக்கு அடியிலிருந்து நீலப் புகை குபுகுபுவென்று வந்தது. கோடு திரையில் செங்குத்தாக விழுந்தது. உருளைகள் மட்டும் சுற்றிச் சுற்றி மெதுவாக நின்றன.

சூடான ஹெடர் சிவந்து, பிறகு மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. அவளுடைய ஹெடர். அதன் நாலு வெல்டும் அப்படியே இருந்தன. மயிரிழை விரிசல் இல்லை. டாக்டர் குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கதவைத் திறந்து இறங்கி அவளிடம் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்கு மட்டும் கேட்கட்டும் என்று கிசுகிசுத்தான். காது மந்தமானவர்களின் கிசுகிசுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போதாததற்குக் காலரில் மைக்.

"ஏன்டி கை தூக்கல? டாக்டர் வண்டி ஓட்டுனப்போ நீ இல்ல, அது போச்சு. இன்னிக்கு முன்னாடியே நின்னியேடி. எனக்குக் கேக்காதுன்னு உனக்குத் தெரியும்ல. சில்லறை கொட்டுச்சா இல்லியா?"

நாலு மூலையிலிருந்த ஸ்பீக்கரும் அதை அப்படியே சொல்லின. இருநூறு பேரும் கேட்டார்கள்.

"அப்போ என் வண்டி வெல்டுல இருந்த அந்த ஓட்டை?" என்று டாக்டர் கேட்டார். அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து, சாதாரணக் குரலில் கேட்டார். அண்ணன் திரும்பவில்லை. டாக்டர் இன்னொருமுறை கேட்டார். அப்போதும் அவன் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்காதவனைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ரெண்டு மில்லி டிரில் பிட், டாக்டர்," என்றாள் பொறி, அண்ணன் தோளுக்கு மேலாக. "அவரு டூல்பாக்ஸ்லதான் இருக்கும்."

"யாருகிட்ட பேசுற? நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுடி. சில்லறை கொட்டுச்சா?"

அவள் ஒரு அடி கிட்ட வந்தாள். பேசுகிறவர் வாயைப் பார்த்துத்தான் அவன் படிப்பான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்று, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேண்ணா."

அவள் குரலும் ஸ்பீக்கரில் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று புரியாமல் அவன் சுற்றிலும் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு குனிந்து தன் காலரைப் பார்த்தான். மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வலது கையைத் தூக்கி அதைப் பொத்திக்கொண்டான்.